அடுப்பங்கரைக்கு ராத்திரி வந்தது யார்?
சுரங்கத்துக்கு முன்னால் நடக்கும் காட்டுயிர்க் கணக்கெடுப்பு எப்படி இயங்குகிறது?

இரவு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் வந்து பார்த்தால் பால் சட்டியை மூடிய தட்டு நகர்ந்து கிடக்கிறது. தேங்காய் மூடியில் பல் பதிந்த தடம். அரிசித் தூக்கின் ஓரத்தில் கறுப்பாக நாலு புழுக்கை. ராத்திரி நாம் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் பாலைக் குடித்தது பூனை, தேங்காயைக் கடித்தது எலி, வந்த வழி ஜன்னல் என்பதுவரை சொல்லிவிடுகிறோம்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமையலறையை இடிக்கப்போகிறார்கள். இடிப்பதற்கு முன்னால், இங்கே வந்து போகிறவர்கள் யார் யார், இந்த அறை போனால் அவர்கள் கதி என்ன என்று எழுதித் தரச் சொல்கிறது சட்டம். சுரங்கத்துக்கு அனுமதி கேட்கும்போது அந்த வட்டாரத்துப் பாலூட்டிகளைக் கணக்கெடுப்பது ஏறக்குறைய இந்த வேலைதான்.

எந்தச் சமையலறை?

இதை விளக்க அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரி இந்த மண்ணுக்கு அடியிலும் இருக்கிறது. அதை வெட்டியெடுத்து மின்சாரம் தயாரிக்க, 1990களில் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் மூலமாக 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. சுரங்கம் வரவே இல்லை. கடைசியில் நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவதென்று தமிழக அரசு முடிவெடுத்தது. 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி இடம்பெற்றது. சேத்தியாத்தோப்பு கிழக்கு, வடசேரி ஆகியவையும் அதே பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும், ஏப்ரல் 8 அன்று மூன்றும் விலக்கப்பட்டன. மாவட்டத்தின் இன்னொரு பக்கத்தில் சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் குவாரிகள் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. சுரங்கம் என்ற பேச்சு இங்கே புதிதல்ல. இனி வராது என்றும் யாரும் எழுதித் தரவில்லை.

“இங்கே ஏது காடு? முந்திரித் தோப்பும் கரும்பும்தானே” என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் முந்திரித் தோப்பு, முள்காடு, ஓடைக்கரை, பனைவரிசை, ஏரிக்கரைக் கருவேலங்காடு எல்லாம் சேர்ந்தால் நரி, காட்டுப்பூனை, கீரி, மரநாய், முயல், வௌவால் போன்றவற்றுக்கு அதுவே போதுமான உலகம். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்தில் பொன்னேரி, மாவட்டத்தின் தென்மேற்கில் 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற கரைவெட்டி ஏரி என்று நீர்நிலைகளும் சுற்றியிருக்கின்றன.

முதலில் அறையைப் பார்க்க வேண்டும்

வந்தது யார் என்று தேடுவதற்கு முன் அனுபவசாலி செய்வது அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. தின்ன என்ன இருக்கிறது? தண்ணீர் எங்கே? பதுங்கப் பரண் உண்டா? புழக்கடைக் கதவின் அடியில் சந்து இருக்கிறதா? நிலத்தில் இதற்குப் பெயர் வாழிட ஆய்வு.

செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தை முதலில் வகை பிரிக்கிறார்கள்: முந்திரி, நஞ்சை, முள்காடு, ஏரி, ஊர், பழைய குவாரிப் பள்ளம். பிறகு ஒவ்வொரு வகையிலும் சில இடங்களுக்கு நேரில் போய்க் கயிறு கட்டிச் சதுரம் பிடித்து, அதற்குள் என்ன மரம், என்ன புதர், தரை எவ்வளவு மூடியிருக்கிறது, வளை உண்டா என்று குறிக்கிறார்கள். பெரிய சுரங்கம் என்றால் குத்தகை நிலம் மைய மண்டலம். அதன் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தூரம் வரை தாங்கு மண்டலம். ஒரு புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டாலே 314 சதுர கிலோமீட்டர் வந்துவிடும். ஜெயங்கொண்டத்தில் முள்ளைக் குத்தினால் வட்டத்துக்குள் எத்தனை ஊரும் ஏரியும் அடங்கும் என்று உள்ளூர்க்காரர்களே எண்ணிக்கொள்ளலாம்.

இவ்வளவு தூரம் ஏன்? நரிக்கு வளை ஓரிடத்தில், இரை இன்னோரிடத்தில், தண்ணீர் மூன்றாவது இடத்தில். பானையைத் தூக்கிவிட்டு அடுப்பை மட்டும் விட்டுவைத்தால் சமையலறை சமையலறையாக இருக்காது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இது இன்னும் முக்கியம். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இடைவிடாமல் இறைத்தால்தான் மேலே தோண்ட முடியும். பள்ளத்துக்கு வெளியே ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் அந்த வட்டாரத்தின் தண்ணீர்க் கணக்கை மாற்றிவிட இது போதும்.

மாவு தூவிய தரை

எலி எந்த வழியாக வருகிறது என்று அறிய வேண்டுமானால், படுக்கப்போகுமுன் தரையில் கோலமாவைச் சலித்துத் தூவிவிட்டால் காலையில் தடம் சொல்லும். காட்டில் மாவுக்குப் பதில் மணல். ஒற்றையடிப் பாதையில் கல் பொறுக்கி, மண்ணைச் சலித்துச் சமன்செய்து விட்டுவிட்டு, மறுநாள் விடியலில் போய்ப் பார்க்கிறார்கள். பூனை இனத்தின் தடத்தில் நகம் பதியாது. நரி, நாய்த் தடத்தில் பதியும். நரியையும் தெருநாயையும் தடத்தை வைத்துப் பிரிப்பதுதான் கடினம். ஊருக்குப் பக்கத்தில் எடுத்த கணக்கில் பிழை நுழையும் முதல் வாசல் அது.

தடத்தைவிட அதிகம் பேசுவது எச்சம். மரநாயின் எச்சத்தில் பழக்கொட்டைகள் முழுசாகக் கிடக்கும். நரியின் எச்சத்தில் எலி மயிர், எலும்புத் துண்டு, இலந்தைக் கொட்டை என்று எல்லாம் கலந்திருக்கும். ஆற்றங்கரைப் பாறையில் மீன் செதிலும் நண்டு ஓடும் சேர்ந்து கிடந்தால் நீர்நாய். உருண்டையாக, காய்ந்த புல் நாரோடு சிதறியிருந்தால் முயல். சந்தேகம் தீரவில்லையென்றால் எச்சத்தைக் காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதிலுள்ள மரபணுவை வைத்து இனத்தை உறுதிசெய்யலாம். காசும் காலமும் பிடிக்கும் வேலை என்பதால் சாதாரண அறிக்கைகளில் இதை அதிகம் பார்க்க முடியாது.

பரண்மேல் ஒரு கண்

இரவெல்லாம் விழித்திருக்க முடியாதவர் பரண்மேல் ஒரு கேமராவை வைத்துவிட்டுத் தூங்கலாம். தானியங்கிக் கேமராவின் வேலையும் அதுவே. அதற்குள் இருக்கும் உணரி வெப்பத்தைக் கவனிக்கிறது. சுற்றுப்புறத்தைவிட வேறு வெப்பநிலையுள்ள ஒன்று குறுக்கே நகர்ந்தால் படம் எடுக்கிறது. இரவில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுவதால் படம் கறுப்புவெள்ளையாக வரும்.

இந்த இயக்கத்திலேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. சித்திரை வைகாசி நண்பகலில் அரியலூர்ச் செம்மண் கொதிக்கும்போது, தரையின் சூடும் கீரியின் உடல் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். குறுக்கே கீரி ஓடினாலும் கேமரா கண்டுகொள்ளாமல் போகலாம். கேமராவை முழங்கால் உயரத்தில் கட்டினால் நரி விழும். கீரியும் முயலும் வேண்டுமென்றால் இன்னும் தாழ்த்த வேண்டும். எதிரில் வெயில் அடிக்கக் கூடாது. புல்லைச் செதுக்காவிட்டால் காற்றில் புல் ஆடும் படமாக ஆயிரம் சேரும்.

உழைப்பை ‘கேமரா இரவு’ என்ற அலகில் அளக்கிறார்கள். 20 கேமராக்கள் 15 இரவு நின்றால் 300 கேமரா இரவுகள். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள், 3.48 கோடிக்கு மேல் படங்கள் சேர்ந்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651. அதாவது ஏறக்குறைய 455 படங்களுக்கு ஒன்று. புலிகள் இருக்கும் காட்டில், புலியைத் தேடியே வைத்த கேமராக்களின் கணக்கு இது.

புலியில் இன்னொரு வசதி உண்டு. ஒவ்வொன்றின் வரியும் வேறு என்பதால் ‘இது நேற்று வந்தது, இது புதிது’ என்று தனித்தனியாக அடையாளம் காணலாம். நாகரஹொளேயில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் இந்த முறையில் கணக்கிட்டுக் காட்டினார். நரிக்கும் கீரிக்கும் அந்த வசதி இல்லை. ஒரே நரி பத்துப் படத்தில் விழுந்ததா, பத்து நரியா என்று படம் சொல்லாது. ஆகவே, ‘50 நரிப் படங்கள் கிடைத்தன’ என்பதை ‘50 நரிகள்’ என்று படித்துவிடக் கூடாது.

பொறியும் டார்ச்சும்

எல்லா உயிருக்கும் ஒரே கருவி உதவாது. கரப்பானுக்குப் பூனைக்கூண்டு வைப்பவர் யாருமில்லை.

வயல் எலி, முள்ளெலி போன்றவற்றுக்கு மடித்து எடுத்துப்போகக் கூடிய அலுமினியப் பெட்டிப் பொறிகள் உண்டு. நிலக்கடலையோ தேங்காய்ச் சில்லோ உள்ளே வைத்துச் சாயங்காலம் வரிசையாகப் பரப்பி, வெயில் ஏறுமுன் எடுத்து, அளந்து பார்த்து, அதே இடத்தில் விட்டுவிட வேண்டும். சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு சிக்கக் கூடிய பொறி என்றால் வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

வௌவால் தரையில் தடம் விடாது. பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரத்தைக் கண்டுபிடித்து, அந்தி மயங்கும்போது கிளம்பிப் போவதை எண்ணுகிறார்கள். பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் எழுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாது. அதைக் கேட்கும் ஒலியாக மாற்றும் கருவி இருக்கிறது.

முயலுக்கும் மானுக்கும் நடைதான் சரி. நேர்கோட்டில் ஒரு பாதையைக் குறித்துக்கொண்டு நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொன்றும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று எழுதுவார்கள். இருட்டுச் சமையலறையின் நடுவில் டார்ச்சோடு நின்றால் காலடிக் கரப்பான் தவறாமல் தெரியும். மூலையில் இருப்பது பாதிதான் தெரியும். தூரம் கூடக்கூட எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, கண்ணில் படாமல் போன பங்கைக் கணிதம் மீட்டுத் தருகிறது. தூரத்தைக் குறிக்காமல் ‘முயல் 6’ என்று மட்டும் எழுதினால் அந்த 6 எதற்கும் உதவாது.

இரவு நடையில் சிவப்பு ஒளி விளக்கு வேண்டும். வெள்ளை ஒளி பட்டால் பல விலங்குகள் ஒதுங்கிவிடும். 2022இல் சரணாலயமான கடவூர்க் காட்டின் தேவாங்கைத் தேடுவோரும் அந்த ஒளியில் மின்னும் கண்ணைத்தான் தேடுகிறார்கள்.

நாலு மணிக்கு எழும் பாட்டி

வீட்டில் ராத்திரி வருகிறவர்களைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார்? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சாணம் தெளிக்கும் பாட்டி. நிலத்தில் அந்த இடம் ஆடு மேய்ப்பவருக்கும், முந்திரிக்குக் காவல் படுப்பவருக்கும், கரும்பு வெட்டுக்குப் போகிறவருக்கும் உரியது. கரும்புக்குள் குட்டி போட்டிருக்கும் காட்டுப்பூனையை ஆராய்ச்சியாளரைவிட முதலில் பார்ப்பவர் வெட்டுக்கூலிதான்.

விசாரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “இங்கே நரி உண்டா?” என்று கேட்டால் வந்தவரைத் திருப்திப்படுத்தத் தலையாட்டுவோர் உண்டு. அதனால் பெயர் சொல்லாமல் படங்களைக் காட்டி, எதைப் பார்த்திருக்கிறீர்கள், கடைசியாக எங்கே, எந்த மாதம் என்று கேட்க வேண்டும். படங்களுக்கு நடுவே இந்தப் பக்கம் இருக்கவே முடியாத சிங்கவால் குரங்கின் படத்தையும் செருகிவிடுவார்கள். அதையும் பார்த்ததாகச் சொல்பவரின் மற்ற பதில்களைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டியதுதான்.

‘யாரும் வரவில்லை’ என்று எழுத எத்தனை இரவு வேண்டும்?

இந்த வேலையின் நடுநாயகம் இந்தக் கேள்விதான். ‘இருக்கிறது’ என்று எழுத ஒரு படம் போதும், ஒரு தடம் போதும். ‘இல்லை’ என்று எழுதத்தான் உழைப்பு வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோப்பில் காட்டுப்பூனை உண்மையிலேயே இருக்கிறது. ஓர் இரவில் அது நம் கேமராவில் விழும் வாய்ப்பு 100க்கு 5 என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவு வைத்தால், பூனை இருந்தும் அகப்படாமல் போகும் வாய்ப்பு 86 சதவீதம். பதினான்கு இரவு வைத்தாலும் 49 சதவீதம், நாணயத்தைச் சுண்டுவதுபோலத்தான். ஏறக்குறைய அறுபது இரவு வைத்தால்தான் அது 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஒருநாள் ராத்திரி பால் குறையவில்லை என்பதால் தெருவில் பூனையே இல்லை என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். அறிக்கைகளில் மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ‘100க்கு 5’ என்பது எங்கிருந்து கிடைக்கும்? ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதிலிருந்து. நாற்பது இடங்களில் தலா ஐந்து முறை தேடினால், பூனை இருப்பது உறுதியான இடங்களில் ஐந்தில் எத்தனை முறை தவறவிட்டோம் என்பது தெரிந்துவிடும். அந்தத் தவறும் விகிதத்தை வைத்து, ஒருமுறைகூடத் தென்படாத இடங்களிலும் எத்தனையில் அது இருந்திருக்கலாம் என்று மதிப்பிடலாம். டாரில் மெக்கன்சியும் உடன் உழைத்தவர்களும் 2002இல் வெளியிட்ட இந்தக் கணித முறை இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ இங்கே செல்லாது. பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே நெருப்பில், ஒரே நீரில் வேகிறது. நிலம் அப்படியில்லை.

எந்த மாதத்தில் பார்த்தீர்கள்?

விரத நாளில் வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் கவிச்சியே சமைப்பதில்லை என்று எழுதலாமா? சுரங்க அனுமதிக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது நெடுங்கால வழக்கம். ஜெயங்கொண்டத்தில் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஏரி நிரம்பியிருக்கும்போது இருக்கும் நிலம் வேறு. முந்திரிப் பழம் உதிர்ந்து கிடக்கும் கோடையில், வௌவாலும் மரநாயும் விருந்துக்கு வரும் நிலம் வேறு. கரும்பு வெட்டி முடிந்து மறைவிடம் இல்லாமல் போன நிலம் வேறு. ஒரு பருவத்துப் பட்டியல் அந்தப் பருவத்துக்கு மட்டுமே உண்மை.

எதிர்பாராத விருந்தாளியும் உண்டு. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் மயிலாடுதுறை நகரத் தெருவில் ஒரு சிறுத்தை கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. சமவெளி நடுவே, காட்டிலிருந்து வெகு தூரத்தில். வனத்துறை கூண்டும் தானியங்கிக் கேமராவும் வைத்துத் தேடியது. ஏப்ரல் 11 இரவு, ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே செந்துறையில் சிறுத்தை ஒன்று தென்பட்டது. அதற்கு முந்தைய மாதம் யாராவது அங்கே பட்டியல் எடுத்திருந்தால் சிறுத்தைக்கு அதில் இடமிருந்திருக்காது. விலங்கு தங்கும் இடத்தோடு, அது கடந்து போகும் ஓடையையும் ஆற்றங்கரையையும் ஆய்வில் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

பட்டியல் எங்கே போகிறது?

2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுரங்கத் திட்டத்துக்கு முதலில் ஆய்வு வரையறை தரப்படும். மைய மண்டலத்துக்கும் தாங்கு மண்டலத்துக்கும் தனித்தனியாக, நேரடிக் கள ஆய்வின் அடிப்படையில், ஒவ்வொரு விலங்கும் காட்டுயிர்ச் சட்டத்தின் எந்த அட்டவணையில் வருகிறது என்று காட்ட வேண்டும். முதல் அட்டவணை விலங்கு இருந்தால் வனத்துறையைக் கலந்து, செலவுத் தொகையோடு ஒரு பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நரியும் கீரியும் இரண்டாம் அட்டவணையிலிருந்து முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டன. வயலோரக் கீரி ஒன்றைப் பதிவுசெய்தாலே திட்டமும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பதால், அதைப் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் இப்போது வெறும் அறிவியல் விஷயமல்ல. ஆய்வை எடுப்பது நாபெட் என்ற அங்கீகார வாரியத்தின் சான்று பெற்ற நிறுவனம். அதற்குக் கூலி கொடுப்பது சுரங்கம் கேட்பவர். பல ஆண்டுகளுக்கு முன் ரத்னகிரி பாக்சைட் சுரங்கம் ஒன்றின் அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் பற்றிய அறிக்கையின் பகுதிகள் அப்படியே இடம்பெற்றிருந்தது அம்பலமானது.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்போடு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும்; சுருக்கம் தமிழிலும் இருக்கும். முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். எல்லாவற்றையும் புரட்ட நேரமில்லாதவர் விலங்குப் பட்டியல் உள்ள அத்தியாயத்தை மட்டும் திறந்து ஐந்து கேள்வி கேட்டால் போதும். எத்தனை கேமரா, எத்தனை இரவு? எத்தனை இடத்துக்கு எத்தனை முறை போனார்கள்? எந்தெந்த மாதம்? வௌவாலுக்கும் எலிக்கும் தனி முறை உண்டா? ஊரில் யாரைக் கேட்டார்கள்?

இத்தனை இரவு, இத்தனை இடத்தில், இந்த மாதங்களில் தேடினோம், அகப்படவில்லை என்று எழுதியிருந்தால் அது தகவல். அதன்மேல் வாதாடலாம், திருத்தலாம், திரும்பச் செய்யச் சொல்லலாம். ‘இப்பகுதியில் அரிய விலங்குகள் ஏதுமில்லை’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், ஆட்சேபணை மனுவில் முதலாவதாக எழுத வேண்டியது அந்த வரியைத்தான். பக்க எண்ணோடு.